அதிர்ஷ்டம் மறைக்கும் கணக்கு

போக்கர் மேசையில் ஒருவர் கையில் இரண்டு ஏஸ். எதிரில் இருப்பவர் கையில் இரண்டு ராஜா. இருவரும் தங்களிடம் இருந்த பணம் முழுவதையும் நடுவில் தள்ளிவிட்டார்கள். ஐந்து பொதுச் சீட்டுகள் இன்னும் திறக்கப்படவில்லை. இந்த நிலையில் ஏஸ் வைத்திருப்பவர் வெல்லும் வாய்ப்பு சுமார் 82 சதவீதம். ஆனால் மூன்றாவது சீட்டாக ஒரு ராஜா வந்து விழுகிறது. ஏஸ்காரர் எல்லாவற்றையும் இழந்து எழுந்து போகிறார். அவர் செய்தது தவறா?

தவறே இல்லை. சீட்டு விழும் முன் அவரால் எடுக்க முடிந்த முடிவுகளில் அதுதான் ஆகச் சிறந்தது. இதே நிலை நூறு முறை வந்தால் நூறு முறையும் அவர் இதையேதான் செய்ய வேண்டும். அதில் பதினெட்டு முறை தோற்கவும் வேண்டும். காகிதத்தில் படிக்கும்போது இதை ஒப்புக்கொள்வது சுலபம். பணம் போன இரவில் ஒப்புக்கொள்வது மிகக் கடினம். ஒரு முடிவு எப்படிப்பட்டது என்பதையும் அது எப்படி முடிந்தது என்பதையும் தனித்தனியாகப் பார்க்க நம் மனம் எளிதில் இணங்குவதில்லை. போக்கர் அந்த இரண்டையும் பிரித்து எண்களில் காட்டுகிறது. அந்த எண்களைக் கொஞ்சம் பொறுமையாகத் தொடர்ந்து போனால், அதிர்ஷ்டம் இந்த ஆட்டத்தில் யாருக்காக வேலை செய்கிறது என்பதும் தெரியவரும். இந்தக் கட்டுரையில் நான் போக விரும்புவது அந்த இடத்துக்குத்தான்.

இன்று பரவலாக ஆடப்படும் வகை டெக்சஸ் ஹோல்டெம். ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு கவிழ்த்துத் தரப்படும். பிறகு மேசை நடுவில் முதலில் மூன்று, அடுத்து ஒன்று, கடைசியாக ஒன்று என ஐந்து பொதுச் சீட்டுகள் திறக்கப்படும். தன் இரண்டையும் பொதுவான ஐந்தையும் சேர்த்து, ஏழில் சிறந்த ஐந்தைக் காட்டுபவருக்குப் பணம். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டலாம், எதிராளி கட்டியதற்கு ஈடு வைக்கலாம், உயர்த்தலாம், சீட்டைப் போட்டுவிட்டு ஒதுங்கலாம். நடுவில் சேரும் பணத்துக்குப் பாட் என்று பெயர். 52 சீட்டுக் கட்டிலிருந்து ஒருவருக்கு வரக்கூடிய இரட்டைகள் 1,326. அதில் இரண்டு ஏஸ் கிடைப்பது சராசரியாக 221 ஆட்டத்துக்கு ஒரு முறை. எந்தச் சீட்டு வரும் என்பது யார் கையிலும் இல்லை. ஆடுபவரின் கையில் இருப்பது பந்தயம் மட்டும்தான். மங்காத்தா என்ற சீட்டுச் சூதில் உள்ளே, வெளியே என்று சொல்லிப் பணத்தை வைத்துவிட்டால் அதன் பிறகு செய்வதற்கு எதுவுமில்லை. போக்கரில் சீட்டு விழ விழப் புதிதாக விலை பேசலாம்.

அந்த விலை எப்படிப் பேசப்படுகிறது? உங்கள் கையில் இரண்டு இஸ்பேட், மேசையில் திறந்திருக்கும் நான்கு சீட்டில் இரண்டு இஸ்பேட். இன்னும் ஒரு இஸ்பேட் விழுந்தால் ஐந்தும் ஒரே இனமாகி ஃப்ளஷ் அமையும், நீங்கள் வெல்வீர்கள். விழாவிட்டால் தோற்பீர்கள். நீங்கள் பார்த்தவை ஆறு சீட்டு, பார்க்காதவை 46. அவற்றில் இஸ்பேட் 9. ஆகவே வெல்லும் வாய்ப்பு 46-இல் 9, அதாவது 19.6 சதவீதம். பாட்டில் 800 ரூபாய் இருக்கிறது, எதிராளி 200 ரூபாய் கட்டுகிறார். ஈடு வைக்கலாமா?

நீங்கள் 200 ரூபாய் வைத்து 1,000 ரூபாய்க்கு முயல்கிறீர்கள். இந்த விலைக்கு ஆறில் ஒரு முறை, அதாவது 16.7 சதவீதம் வென்றாலே கைநஷ்டம் இல்லை. உங்களுக்கு அதைவிட அதிக வாய்ப்பு இருக்கிறது. கூட்டிக் கழித்துப் பார்த்தால், இதே நிலையில் ஈடு வைக்கும் ஒவ்வொரு முறையும் சராசரியாக 35 ரூபாய் லாபம். சரி, எதிராளி 200-க்குப் பதிலாக 800 கட்டியிருந்தால்? சீட்டு அதேதான், இஸ்பேட் விழும் வாய்ப்பும் அதேதான். ஆனால் இப்போது மூன்றில் ஒரு முறை வென்றால்தான் கட்டுப்படியாகும். ஈடு வைத்தால் சராசரியாக 330 ரூபாய் நஷ்டம். அதிர்ஷ்டம் துளிகூட மாறாத இடத்தில், சரியான முடிவு தவறான முடிவாக மாறிவிட்டது.

அந்த 35 ரூபாய் லாபம் எப்படி வந்து சேர்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். ஐந்தில் நான்கு முறை நீங்கள் 200 ரூபாயை இழப்பீர்கள். சரியாக ஆடியும் பெரும்பாலான நேரம் தோற்பீர்கள். பக்கத்தில் நின்று பார்ப்பவர் உங்களைப் பணத்தை வீசுகிறவர் என்று நினைப்பார். 800 ரூபாய்க்கு ஈடு வைத்து, இஸ்பேட் விழுந்து, 1,600 ரூபாயை அள்ளிக்கொண்டு போகிறவரைத் துணிச்சல்காரர் என்று மெச்சுவார்.

இதுவரை சொன்னது பள்ளிக்கூடக் கணக்கு. எதிராளி நம்மை ஏமாற்றப் பார்க்கும்போதுதான் போக்கர் சதுரங்கத்திலிருந்து விலகித் தனி வகை ஆட்டமாகிறது. சதுரங்கத்தில் எல்லாக் காய்களும் கண்ணெதிரே இருக்கின்றன. இங்கே எதிராளியின் இரண்டு சீட்டு கவிழ்ந்து கிடக்கிறது. அவர் கட்டும் பந்தயம் மட்டுமே நமக்குக் கிடைக்கும் செய்தி, அந்தச் செய்தி பொய்யாகவும் இருக்கலாம். ஹங்கேரியில் பிறந்த கணிதமேதை ஜான் ஃபான் நாய்மனை ஈர்த்தது இதுதான். 1928-இல் விளையாட்டுகளின் கணிதம் பற்றி அவர் எழுதிய கட்டுரையும், 1944-இல் ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்னுடன் சேர்ந்து வெளியிட்ட பெரிய நூலும் ஆட்டக் கோட்பாடு என்னும் துறைக்கு அடித்தளம் இட்டன. அந்த நூலில் போக்கருக்கென்றே ஒரு பகுதி உண்டு.

பொய்ப் பந்தயத்தை, ஆட்டக்காரர்கள் சொல்வதுபோல் ப்ளஃபை, முகபாவம் சார்ந்த வித்தையாகவே பலரும் நினைக்கிறோம். ஃபான் நாய்மன் அதைக் கணக்கிலிருந்தே வருவித்தார். கடைசிச் சீட்டும் விழுந்துவிட்டது, பாட்டில் 1,000 ரூபாய், நீங்கள் 1,000 ரூபாய் கட்டுகிறீர்கள் என்று வையுங்கள். நல்ல சீட்டு இருக்கும்போது மட்டுமே கட்டுபவர் என்று பெயரெடுத்துவிட்டால் எதிராளி எப்போதும் ஒதுங்கிவிடுவார்; உங்கள் நல்ல சீட்டுக்குக் கூலி கிடைக்காது. அடிக்கடி பொய் சொன்னால் எப்போதும் ஈடு வைப்பார். அவர் 1,000 வைத்து 2,000-க்கு முயல்வதால், உங்கள் பந்தயங்களில் மூன்றில் ஒன்று பொய்யாக இருந்தால் அவர் ஒதுங்கினாலும் ஈடு வைத்தாலும் அவருக்கு ஒன்றுதான். அந்த விகிதத்தில் நிற்பவரை யாராலும் சுரண்ட முடியாது. எந்தச் சீட்டில் பொய் சொல்வது என்பதற்கும் அவரது மாதிரி விடை தருகிறது: மிக மோசமான சீட்டில். நடுத்தரச் சீட்டு பந்தயம் கட்டாமலே சில சமயம் வெல்லக்கூடியது, அதை வீணாக்கக் கூடாது. படுமோசமான சீட்டுக்குப் பொய்யைத் தவிர வேறு வழி கிடையாது. எனக்குத் தெரிந்து ஆட்டக் கோட்பாட்டின் அழகான முடிவுகளில் இது ஒன்று.

2003-இல் லாஸ் வேகஸில் நடந்த உலகத் தொடர் போக்கரின் முதன்மைப் போட்டியில் 839 பேர் கலந்துகொண்டார்கள். கடைசியில் மிஞ்சியவர்கள் இருவர். அனுபவம் மிக்க தொழில்முறை ஆட்டக்காரர் சாமி ஃபர்ஹா ஒருவர். இணையத் தகுதிச்சுற்று வழியாக உள்ளே வந்த கணக்காளர் கிறிஸ் மனிமேக்கர் மற்றவர். ஓர் ஆட்டத்தில் ஃபர்ஹாவிடம் இருந்தது ஒன்பதின் ஜோடி. மனிமேக்கரிடம் ராஜாவும் ஏழும். ஃப்ளஷுக்கும், ஐந்து சீட்டு வரிசையாக அமையும் ஸ்ட்ரெயிட்டுக்கும் காத்திருந்து இரண்டும் கைகூடவில்லை. ஒன்றுமில்லாத அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு மனிமேக்கர் தன் சில்லுகள் அனைத்தையும் நடுவில் தள்ளினார். ஃபர்ஹா நெடுநேரம் யோசித்துச் சீட்டைப் போட்டார். சற்று நேரத்தில் மனிமேக்கர் வாகையர் ஆனார், பரிசு 25 லட்சம் டாலர். அந்த ப்ளஃப் இன்றுவரை கொண்டாடப்படுகிறது. ஃபர்ஹா ஈடு வைத்திருந்தால் அதே செயலை அனுபவமில்லாதவரின் அசட்டுத்தனம் என்று சொல்லியிருப்பார்கள். முடிவு ஒன்றுதான்; வரலாறு அதற்குக் கொடுக்கும் பெயரை எதிராளியின் சில நிமிட யோசனை தீர்மானித்தது.

இந்த மயக்கத்துக்கு உளவியலில் விளைவுச் சார்பு என்று பெயர். ஜோனதன் பேரனும் ஜான் ஹெர்ஷியும் 1988-இல் வெளியிட்ட ஆய்வில் மருத்துவ முடிவுகளையும் பணம் வைத்து எடுக்கும் முடிவுகளையும் மக்களுக்குக் காட்டி மதிப்பிடச் சொன்னார்கள். ஒரே தகவலை வைத்து எடுத்த ஒரே முடிவுதான். ஆனால் நல்லபடியாக முடிந்தது என்று சொல்லப்பட்டபோது முடிவெடுத்தவருக்கு அதிக மதிப்பெண்ணும், கெட்டபடியாக முடிந்தது என்று சொல்லப்பட்டபோது குறைந்த மதிப்பெண்ணும் விழுந்தன. விளைவைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று ஒப்புக்கொண்டவர்களிடமும் இந்தச் சார்பு தென்பட்டது.

அப்படியானால் நீண்ட காலம் ஆடினால் உண்மை தானாகத் தெரியாதா? தெரியும். ஆனால் அந்தக் காலம் எவ்வளவு நீண்டது என்பதைப் பெரும்பாலோர் மிகக் குறைவாக மதிப்பிடுகிறோம். ஆட்டம் தொடங்கும் முன் வைக்கும் கட்டாயப் பந்தயத்தைப் பிளைண்ட் என்பார்கள். பெரிய பிளைண்ட்தான் லாப நஷ்டத்தின் அளவுகோல். நூறு ஆட்டத்துக்கு 5 பிளைண்ட் வெல்பவர் நல்ல ஆட்டக்காரர். ஆனால் வரம்பில்லாப் பந்தய ஆட்டத்தில் நூறு ஆட்டத்தின் திட்ட விலக்கம், அதாவது ஏற்ற இறக்கத்தின் வழக்கமான அளவு, சுமார் 100 பிளைண்ட். செய்தி 5, இரைச்சல் 100. ஆட்டங்கள் கூடும்போது லாபம் நேர்விகிதத்தில் கூடும், இரைச்சல் வர்க்கமூல விகிதத்தில்தான் கூடும். அதனால் ஒருநாள் செய்தி மேலே வந்தே தீரும். பத்தாயிரம் ஆட்டத்துக்குப் பிறகு நம் நல்ல ஆட்டக்காரரின் எதிர்பார்ப்பு 500 பிளைண்ட், விலக்கம் 1,000. அப்போதும் அவர் நஷ்டத்தில் இருக்கும் வாய்ப்பு 30 சதவீதத்துக்கு மேல். கிளப் மேசையில் மணிக்கு 30 ஆட்டம் என்றால் பத்தாயிரம் ஆட்டம் என்பது 330 மணி நேரத்துக்கும் மேல். ஒரு லட்சம் ஆட்டம் ஆடிய பிறகுகூட அவர் நஷ்டத்தில் இருக்கும் வாய்ப்பு சுமார் 6 சதவீதம் பாக்கி நிற்கிறது.

இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். நூறு ஆட்டத்துக்கு 5 பிளைண்ட் தோற்பவர் ஒருவர். நீண்ட ஓட்டத்தில் அவர் தோற்பது உறுதி. அவர் ஓர் இரவில் 300 ஆட்டம் ஆடுகிறார். லாபத்தோடு எழுந்து போகும் வாய்ப்பு? சுமார் 46 சதவீதம். ஏறக்குறைய பாதி இரவுகளில் அவர் ஜெயித்தவராக வீடு திரும்புவார். ஜெயித்த இரவுகளைத் தன் திறமைக்கும் தோற்ற இரவுகளைத் தன் நேரத்துக்கும் எழுதிவைப்பார். பத்தாயிரம் ஆட்டம் முடிந்த பிறகும் அவருக்கு மேலே இருக்க 30 சதவீத வாய்ப்பு உண்டு. தன் கைப்பணத்தின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்து அவர் தன் நிலையை எளிதில் கண்டுபிடிக்க முடியாது.

திறமை உள்ளவருக்கும் இதில் ஆபத்து உண்டு. பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்த ஜான் கெல்லி 1956-இல் ஒரு சூத்திரம் தந்தார். வெல்லும் வாய்ப்பு 60 சதவீதம், போட்ட பணம் இரட்டிப்பாகும் என்ற சாதகமான பந்தயத்தில்கூட ஒருவர் தன் கையிருப்பில் 20 சதவீதத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்கிறது அது. ஒவ்வொரு முறையும் முழுப் பணத்தையும் வைப்பவர் பத்துச் சுற்றைத் தாண்டும் வாய்ப்பு 0.6 சதவீதம்.

இரைச்சலுக்குள் இருந்து செய்தியை எப்படிப் பிரித்தெடுப்பது என்பதற்கு இதுவரை நடந்தவற்றில் என்னை மிகவும் கவர்ந்த சோதனை, 2017 ஜனவரியில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரிலுள்ள ரிவர்ஸ் காசினோவில் நடந்தது. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் துவோமஸ் சாண்ட்ஹோமும் அவரது மாணவர் நோம் பிரவுனும் உருவாக்கிய லிப்ராட்டஸ் என்ற நிரல் ஒரு பக்கம். டாங் கிம், ஜேசன் லெஸ், ஜிம்மி சோ, டேனியல் மெக்காலே என்ற நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்கள் மறுபக்கம். இருவர் மட்டும் ஆடும் வரம்பில்லா ஹோல்டெம், இருபது நாள், 1,20,000 ஆட்டங்கள். இந்த ஆட்டத்தில் முடிவெடுக்க வேண்டிய நிலைகளின் எண்ணிக்கை 1-க்குப் பின் 161 சுழியம்.

இரண்டு ஆண்டுக்கு முன்பு, 2015-இல், இதே குழுவின் கிளாடிகோ என்ற முந்தைய நிரல் 80,000 ஆட்டம் ஆடி மனிதர்களிடம் 7,32,713 டாலர் மதிப்புள்ள சில்லுகளை இழந்திருந்தது. அவ்வளவு ஆட்டமும் அவ்வளவு பெரிய வித்தியாசமும் இருந்தும் அது 95 சதவீதப் புள்ளியியல் உறுதியை எட்டவில்லை. ஆகவே இம்முறை ஆட்டங்களைக் கூட்டினார்கள். அதோடு அதிர்ஷ்டத்தைக் கழித்துவிட இரண்டு ஏற்பாடுகள் செய்தார்கள். முதலாவது, கண்ணாடிப் பிம்பமாகச் சீட்டு போடுவது. ஓர் அறையில் ஒருவருக்கு ஏஸ் ஜோடியும் நிரலுக்கு ராஜா ஜோடியும் வந்தால், தனியாக வைக்கப்பட்ட வேறோர் அறையில் அவரது கூட்டாளிக்கு ராஜா ஜோடி, நிரலுக்கு ஏஸ் ஜோடி. பொதுச் சீட்டுகளும் அவையே. ஓர் அறையில் கிடைத்த யோகம் மறு அறையில் கழிந்துவிடும். மிஞ்சுவது அந்தச் சீட்டை யார் எப்படி ஆடினார்கள் என்பது. இரண்டாவது, கடைசிச் சீட்டுக்கு முன்பே இருவரும் முழுப் பணத்தையும் வைத்துவிட்டால் மீதிச் சீட்டு எப்படி விழுந்தது என்று பார்க்காமல், அப்போது அவரவருக்கு இருந்த வாய்ப்பின்படியே பாட்டைப் பங்கிடுவது. 82 சதவீத ஏஸ்காரருக்குப் பாட்டில் 82 சதவீதம் எழுதப்படும். முதல் பத்தியில் தோற்றுப்போனவர் இங்கே தோற்கமாட்டார்.

முடிவில் லிப்ராட்டஸ் 17,66,250 டாலர் மதிப்புள்ள சில்லுகளை வென்றிருந்தது. நூறு ஆட்டத்துக்குச் சராசரியாக 14.7 பிளைண்ட், நல்ல ஆட்டக்காரர் என்று மேலே சொன்னவரைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. இது தற்செயலாக நடக்கும் வாய்ப்பு பத்தாயிரத்தில் இரண்டு என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். நிரல் எதிராளிகளின் முகத்தைப் பார்க்கவில்லை. தனக்கெதிராகத் தானே கோடானுகோடி ஆட்டம் ஆடி, எந்த நிலையில் எந்த முடிவெடுக்காமல் போனதற்கு எவ்வளவு வருந்த வேண்டும் என்பதைக் கூட்டிக் கூட்டி அந்த வருத்தத்தைக் குறைத்துக்கொண்டே போய் ஆடக் கற்றது. பகலில் மனிதர்கள் அதன் ஓட்டைகளைத் தேடிப் புதுப்புது அளவில் பந்தயம் கட்டினார்கள். இரவில் மீக்கணினி அந்த அளவுகளுக்கு விடை கண்டு ஓட்டைகளை அடைத்தது. மிகச் சிறிய பாட்டுக்கு மிகப் பெரிய பந்தயம் கட்டும் அதன் பழக்கம் தொழில்முறை ஆட்டக்காரர்களையே திணறடித்தது.

பிட்ஸ்பர்க் சோதனை எனக்குச் சொல்வது, போக்கரில் திறமை உண்டு என்பதை மட்டுமல்ல. அதிர்ஷ்டத்தைக் கழித்துவிட்டால் இந்த ஆட்டத்தை யாரும் பணம் வைத்து ஆடமாட்டார்கள் என்பதையும் சொல்கிறது. கிராண்ட்மாஸ்டரோடு பணம் வைத்துச் சதுரங்கம் ஆட யாரும் வரிசையில் நிற்பதில்லை. முதல் ஆட்டத்திலேயே விடை தெரிந்துவிடும். போக்கரில் பலவீனமானவர் மீண்டும் மீண்டும் வருவதற்குக் காரணம், பாதி இரவுகளில் அவர் ஜெயிப்பது. எப்போது வரும் என்று தெரியாமல் விட்டுவிட்டு வரும் பரிசுதான் ஒரு பழக்கத்தை மிக ஆழமாக வேரூன்றச் செய்கிறது என்று உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களிடமும் எலிகளிடமும் பல்லாண்டு சோதனை செய்து காட்டியிருக்கிறார். அதிர்ஷ்டம் தோற்பவருக்கு அவ்வப்போது கூலி கொடுத்து அவரை மேசையிலேயே உட்காரவைக்கிறது. திறமை அவரிடமிருந்து சிறிது சிறிதாகப் பணத்தை எடுக்கிறது. ஆட்டத்தை நடத்துபவர் ரேக் என்ற பெயரில் ஒவ்வொரு பாட்டிலிருந்தும் ஒரு பங்கை எடுத்துவிடுவதால், சமபலம் கொண்டவர்கள் மட்டுமே ஆடினாலும் எல்லோரும் சேர்ந்து நஷ்டத்தில்தான் இருப்பார்கள்.

பொருளாதார அறிஞர்கள் ஸ்டீவன் லெவிட்டும் தாமஸ் மைல்ஸும் 2010-ஆம் ஆண்டு உலகத் தொடர் போக்கரின் பதிவுகளை எடுத்து ஆராய்ந்தார்கள். தொடருக்கு முன்பே திறமைசாலிகள் என்று இனங்காணப்பட்டிருந்தவர்கள் போட்ட பணத்தின் மேல் சராசரியாக 30 சதவீதத்துக்கு மேல் லாபம் பார்த்தார்கள். மற்றவர்கள் சராசரியாக 15 சதவீதத்துக்கு மேல் இழந்தார்கள். போக்கர் சூதாட்டம் அன்று, திறமை ஆட்டம் என்பதற்கான சான்றாக இந்த ஆய்வு அடிக்கடி காட்டப்படுகிறது. அது சரிதான். ஆனால் அந்த இரண்டாவது எண்ணுக்குள் இருக்கும் கூட்டம் எவ்வளவு பெரியது என்று பாருங்கள்.

நம் ஊரில் இந்த வழக்கு பல ஆண்டாக நடக்கிறது. ரம்மி பெருமளவு திறமை சார்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 1967-இல் சொன்னது. இணைய ரம்மி, போக்கரைத் தடுக்கத் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டத் திருத்தத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் ரத்து செய்தது. அடுத்து 2022-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. ரம்மியையும் போக்கரையும் வாய்ப்பு விளையாட்டு என்று வரையறுத்த அதன் அட்டவணையை 2023 நவம்பரில் அதே நீதிமன்றம் நீக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் திறமையா வாய்ப்பா என்ற கேள்வியையே ஒதுக்கிவைத்து, பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகள் எல்லாவற்றையும் தடை செய்தது.

இத்தனை ஆண்டு வாதத்தில் திறமை ஆட்டம் என்ற சொல் ஒரு நற்சான்றிதழைப்போல் எடுத்து நீட்டப்பட்டது. கணக்கின்படி பார்த்தால் ஆடப் போகிறவருக்கு அது எச்சரிக்கை. ஆட்டத்தில் திறமை எவ்வளவுக்கு உண்டோ, அவ்வளவுக்குத் திறமை இல்லாதவரின் நஷ்டம் உறுதி. திறமை உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இடையிலான இடைவெளியும் இப்போது வேகமாக விரிகிறது. லிப்ராட்டஸை உருவாக்கிய இருவரே 2019-இல் ஆறு பேர் ஆட்டத்துக்கான ப்ளூரிபஸ் நிரலை வெளியிட்டார்கள். அதைப் பயிற்றுவிக்க ஆன கணினிச் செலவு சுமார் 150 டாலர்தான். சால்வர் எனப்படும் தீர்வு மென்பொருள்களை வைத்துத் தொழில்முறை ஆட்டக்காரர்கள் நாள்தோறும் பயிற்சி எடுக்கிறார்கள்.

இணையத்தில் பணம் வைத்து ஆடுவது சட்டப்படி நடக்கும் நாடுகளில், ஒவ்வொருவர் ஆடிய ஒவ்வோர் ஆட்டமும் நிறுவனத்தின் கணினியில் சீட்டுச் சீட்டாகப் பதிந்திருக்கிறது. ஆடுபவர் மொத்தம் எவ்வளவு இழந்தார், ரேக்காக எவ்வளவு போனது, அதிர்ஷ்டத்தைக் கழித்தால் அவரது ஆட்டத்தின் மதிப்பு என்ன என்ற மூன்று எண்களைப் பணம் கட்டும் திரையிலேயே அவருக்குக் காட்டும்படி சட்டம் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. பிட்ஸ்பர்கில் முழுப் பணமும் வைக்கப்பட்ட ஆட்டங்களுக்குச் செய்த அந்தத் திருத்தத்தைச் செய்ய மீக்கணினி தேவையில்லை, ஒரு மடிக்கணினி போதும்.